அஞ்சு மாத்தர மட்டும் குடு, தம்பி

எங்கள் கடையில் கத்தரிக்கோல் இரண்டு. கவர் வெட்ட ஒன்று, மாத்திரை அட்டை வெட்ட ஒன்று. இரண்டாவதைத்தான் அடிக்கடி சாணைக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கல்லிடைக்குறிச்சியில் நான் மருந்துக்கடை வைத்து 31 வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் பிரஷர் மாத்திரையை மாதத்துக்குச் சேர்த்து வாங்கிப் போனவர்களைவிட, "அஞ்சு மாத்தர மட்டும் குடு தம்பி, மிச்சத்த அப்புறம் வந்து வாங்கிக்கிடுதேன்" என்று நின்றவர்கள்தான் அதிகம். பத்து மாத்திரை அட்டையை நடுவில் வெட்டுவேன். மருந்தின் பெயர் ஒரு துண்டோடு போகும், காலாவதித் தேதி இன்னொரு துண்டில் தங்கும். மிச்சத் துண்டு என் டிராயரில் கிடக்கும், அந்த 'அப்புறம்' வரும்வரை.

மருந்துக்கடைக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. டாக்டருக்கு நோயாளியின் வாய்தான் பதில் சொல்லும். எனக்குத் தேதி பதில் சொல்லும். தினம் ஒன்று என்று 30 மாத்திரை வாங்கியவர், 30 நாள் கழித்து வந்து நிற்க வேண்டும். இந்த மாதம் 3-ஆம் தேதி வாங்கியவர் அடுத்த மாதம் 20-ஆம் தேதி வந்தால், பதினேழு நாள் வெறுமனே ஓடியிருக்கிறது. இதற்காக நான் துப்பறியவெல்லாம் வேண்டாம். கடன் நோட்டைப் புரட்டினால் போதும்.

ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் வருவார். எப்போது கேட்டாலும் "நாள் தவறாமப் போடுதேன்" என்பார். சந்தேகப்படும்படியான ஆளே இல்லை, வேஷ்டி மடிப்புக்கூடக் கலையாது. ஒருநாள் மழைக்குக் கடையில் ஆள் இல்லை. சும்மா இருந்த நேரத்தில் அவருடைய ஒரு வருஷக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். 19 அட்டை. வருஷத்துக்கு முப்பத்தாறரை அட்டை வேண்டும். பாதிக்குக் கொஞ்சம் மேலே. உலக சுகாதார நிறுவனம் 2003-இல் இதைப் பற்றியே ஓர் அறிக்கை வெளியிட்டது. சர்க்கரை, பிரஷர் மாதிரி நாள்பட்ட நோய்களுக்கு மருந்து எடுப்பவர்களில், வசதியான நாடுகளிலேயே ஏறத்தாழப் பாதிப் பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்றது அது. கல்லிடைக்குறிச்சி வாத்தியாரும் அந்தக் கணக்குக்குச் சரியாகத்தான் வந்து நிற்கிறார்.

வீட்டில் உள்ளவர்களைக் கேட்டால் ஒரே பதில்தான்: "வயசாயிட்டுல்லா, மறந்துபோகுது." நானும் முதல் பத்து வருஷம் அதைத்தான் நம்பினேன். ஆனால் மாத்திரையை மறந்த அதே ஆச்சி, 40 வருஷத்துக்கு முன்னால் தன் கல்யாண வீட்டில் யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்பதை ரூபாய் சுத்தமாகச் சொல்கிறாள். மறதி இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நிஜமாகவே நினைவு தப்பிப் போனவர்கள் உண்டு, அது வேறு துயரம். ஆனால் என் கல்லாவுக்கு எதிரே நிற்பவர்களில் மறந்து விட்டவர்களைவிட, யோசித்து விட்டவர்கள்தான் அதிகம். ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நாம் அந்தக் கணக்கைக் கேட்பதே இல்லை.

எல்லோருக்கும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு: "எனக்கு ஒண்ணும் செய்யலியே!" தலை கனத்தால் பிரஷர், கிறுகிறுத்தால் பிரஷர், மருமகள் எதிர்த்துப் பேசினால் பிரஷர். அன்றைக்கு ஒரு மாத்திரை. மறுநாள் தெளிவாக இருந்தால் எதற்கு மாத்திரை? காய்ச்சல் மாத்திரைக்கு இது சரியான நியாயம். பிரஷருக்குச் செல்லாது. 140-க்கு 90 என்பதைத் தாண்டித் தொடர்ந்து நின்றால் உயர் ரத்த அழுத்தம் என்கிறோம். 170-ல் நிற்கிற ஆள்கூட ஒன்றும் தெரியாமல் ஆற்றில் முங்கிக் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு நடந்து வருவார். எங்கள் ஊர்க்காரர்களிடம் நான் கன்னடியன் கால்வாயைக் காட்டிச் சொல்வேன். கரை உடைவதற்கு முந்தின நாள் பார்த்தாலும் அது கரை மாதிரிதான் இருக்கும். உள்ளே அரித்தது மேலே தெரியாது. மூளையிலும் கண்ணிலும் கிட்னியிலும் இருக்கும் நூல் போன்ற ரத்தக்குழாய்கள்தான் அந்தக் கரை.

பார்மசி படிக்கும்போது எங்கள் சார் ஒருவர் ரூஸ்வெல்ட் கதையைச் சொல்வார். அமெரிக்க ஜனாதிபதி. 1944 மார்ச்சில் டாக்டர்கள் பார்த்தபோது அவருக்கு 186-க்கு 108. உலகத்திலேயே பெரிய ஆள், ஆனால் அழுத்தத்தை இறக்க உருப்படியான மாத்திரை ஒன்றுகூட அன்றைக்குக் கிடையாது. உப்பைக் குறை, ஓய்வெடு என்றார்கள், இருதயத்துக்கு டிஜிட்டாலிஸ் கொடுத்தார்கள். 1945 ஏப்ரல் 12-ஆம் தேதி மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. அப்போது அளந்ததில் 300-க்கு 190. வயது 63. கதையை முடித்துவிட்டு சார் அம்லோடிபின் அட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டுவார். ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத அந்த மாத்திரை ஒன்று, இன்றைக்கும் எங்கள் பஸ் ஸ்டாண்டு டீயைவிட மலிவு. அதைத்தான் வெட்டி வெட்டி விற்கிறேன்.

இன்னொரு வகைக் கணக்கு என்னைத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டரைப் பார்க்கப் போகிற அன்றைக்கு மட்டும் மாத்திரை போடாமல் போவது. "போட்டுட்டுப் போனா மாத்தரயோட பிரஷர்தானே தெரியும்? நம்ம அசல் பிரஷர் எப்படித் தெரியும்?" என்று ஒரு பெரியவர் என்னிடமே விளக்கினார். எவ்வளவு நேர்மையான யோசனை பாருங்கள். முந்தின நாளும் ஏதோ விரதம், அன்றைக்கும் போடவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போய், மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்ததும் கையில் பட்டையைச் சுற்றிவிட்டார்கள். 184. டாக்டர் என்ன செய்வார்? இந்த மாத்திரை பத்தவில்லை என்று இன்னொன்றைச் சேர்த்தார். புது மாத்திரைக்கு முதல் வாரம் பயபக்தி அதிகம். பெரியவர் இரண்டையும் ஒழுங்காகப் போட்டார். நாலாம் நாள் விடிகாலை, படுக்கையிலிருந்து எழுந்தவர் கண் இருட்டிக் கட்டில் சட்டத்தில் தாடையை இடித்துக்கொண்டார். அதோடு இரண்டு மாத்திரையையும் நிறுத்திவிட்டார். "மாத்தர என்னக் கொல்லப் பாத்துட்டு" என்று இன்றும் சொல்கிறார்.

வயதானவர்களுக்குப் படுத்திருந்து எழும்போது அழுத்தம் சட்டென்று இறங்குவது இயல்பிலேயே உண்டு. மாத்திரை கூடினால் அதுவும் கூடும். எழுந்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு நின்றால் பாதி விபத்து நடக்காது. அளப்பதிலும் ஒழுங்கு வேண்டும். என் கடையில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன். வந்ததும் மிஷினை மாட்ட மாட்டேன். சுவரில் முதுகைச் சாய்த்து, கால் இரண்டும் தரையில் பட, 5 நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். அரை மணி நேரத்துக்குள் காபியோ புகையிலையோ கூடாது. கையை நெஞ்சு மட்டத்துக்கு மேசைமேல் வைக்க வேண்டும். பட்டை ஓடும்போது பேசக் கூடாது. ஆச்சிமாருக்கு இந்தக் கடைசி விதிதான் சிரமம்.

இனி நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். நெல் வியாபாரம் பார்த்த தாத்தா ஒருவர் பிரஷருக்கு எனாலப்ரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வறட்டு இருமல் என்று வந்தார். ஒரு பாட்டில் இருமல் மருந்து கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. மூன்றாவது பாட்டிலையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். சில்லறையை எண்ணும்போது அவரே சொன்னார்: "இந்த எழவெடுத்த மாத்தரய விட்டா நாலஞ்சு நாள்ல இருமலும் நின்னுருதுய்யா." எனாலப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும் என்பது பார்மசி படித்த எவனுக்கும் தெரிந்த பாடம். எனக்கும் தெரியும். ஆனால் மூன்று பாட்டில் விற்கும்வரை எனக்கு அது தோன்றவில்லை. அவர் விட்டு விட்டுச் சாப்பிட்டதை எல்லோரும் அசட்டை என்றார்கள். உண்மையில் அந்த வீட்டில் மருந்தைச் சோதித்துப் பார்த்துச் சரியான முடிவுக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். டாக்டரிடம் சொல்லச் சொன்னேன். டெல்மிசார்டானுக்கு மாற்றினார். இருமல் போயிற்று, தாத்தாவின் தேதிக் கணக்கும் நேராயிற்று.

இப்படித்தான் அம்லோடிபினும். சிலருக்குக் கணுக்கால் வீங்கும். காலை அழுத்தினால் குழி விழும். உடனே "கிட்னி போயிட்டு" என்று தெருவே தீர்ப்பு எழுதிவிடும். நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிவதால் நீர் கசிந்து காலில் தங்குகிறது, அவ்வளவுதான். டாக்டர் அளவைக் குறைப்பார், இல்லையென்றால் வேறு மாத்திரை சேர்ப்பார். வீங்கிய காலை மறைத்துக்கொண்டு, மாத்திரையை மட்டும் அமைதியாக நிறுத்திவிட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஆண்கள் சிலர் நிறுத்துவதற்கு வேறொரு காரணம் உண்டு. கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். எல்லா மாத்திரையும் அந்த விஷயத்தில் ஒன்றுபோல் இல்லை, டாக்டரிடம் வாய்விட்டுச் சொன்னால் மாற்றித் தருவார் என்பேன். பாதிப் பேர் போய்ச் சொல்ல மாட்டார்கள். டாக்டரம்மா என்றால் முழுப் பேருமே.

'தண்ணி மாத்தர'யின் கதை இன்னும் எளிது. உடம்பிலுள்ள உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றுகிற மாத்திரை. போட்ட இரண்டு மணி நேரத்தில் போக வேண்டும். திருச்செந்தூருக்கு பஸ்ஸில் போகிற பெண் அதை எப்படிப் போடுவாள்? கல்யாண வீடு, கோயில் கொடை, நூறு நாள் வேலை, துஷ்டி வீடு என்று ஒதுங்க இடமில்லாத நாளெல்லாம் மாத்திரையும் இல்லாத நாள். சித்திரை, வைகாசி முகூர்த்த மாதங்களில் என் கடையில் அந்த மாத்திரை விற்பனை குறையும். இதை மருந்து மறுப்பு என்று எந்தப் புத்தகமாவது எழுதினால் அது கழிப்பறைப் பிரச்சினை என்று நான் திருத்துவேன். ஊர் திரும்பிய பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் வழி பிறக்கும்.

விரதம் சொன்னேன் அல்லவா? வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடல் வெந்துவிடும் என்பது ஊறிப்போன நம்பிக்கை. வெள்ளி, சஷ்டி, கிருத்திகை, புரட்டாசிச் சனி என்று கூட்டினால் மாதத்தில் ஆறேழு நாள் அடிபடும். வலி மாத்திரைக்கு அந்தப் பயம் நியாயம். அம்லோடிபினுக்கும் டெல்மிசார்டானுக்கும் சாப்பாடு ஒரு பொருட்டே இல்லை, ஒரு வாய்த் தண்ணீர் போதும். தண்ணீர்கூடக் குடிக்காத நோன்பு என்றால் சஹருக்கா இஃப்தாருக்கா என்பதை நோன்பு தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஊர்ப் பாய்மார்கள் இதில் கெட்டி, ரம்ஜானுக்குப் பத்து நாள் முன்னாலேயே சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

சீட்டு என்றதும் நினைவு வருகிறது. பலர் டாக்டர் சீட்டை லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறார்கள். எட்டு வருஷத்துக்கு முந்தின சீட்டு, குலதெய்வப் படம் மாதிரி பளபளவென்று இருக்கும். அதைக் காட்டித்தான் மாத்திரை வாங்குகிறார்கள், நானும் கொடுக்கிறேன். சட்டப்படி பார்த்தால் நான் செய்வது முழுச் சரி இல்லை என்பது எனக்குத் தெரியும். திருப்பி அனுப்பினால் அந்த மாதம் மாத்திரையே இருக்காது என்பதும் தெரியும். எட்டு வருஷத்தில் உடம்பு மாறியிருக்கும், எடை மாறியிருக்கும், கிட்னி தளர்ந்திருக்கும். லேமினேஷனுக்குள் இருப்பது மட்டும் மாறாது.

மாத்திரையின் நிறம் மாறினால் அதுவும் ஒரு சிக்கல். எழுத்தெல்லாம் இங்கிலீஷ், கண்ணில் புரை. ஆச்சிக்கு மாத்திரை என்றால் 'ரோஸ் கலர் உருண்டை'. கம்பெனி மாறி வெள்ளையில் நீளமாக வந்தால் வேறு மருந்து என்று நினைத்து ஒதுக்கி வைப்பாள். இல்லையென்றால் அதைவிட மோசம், இரண்டையும் போடுவாள். கீழத்தெரு ஆச்சி ஒருத்தி தலைசுற்றல் என்று வந்தாள். மடியில் இருந்த மாத்திரையையெல்லாம் கல்லாமேல் கொட்டச் சொன்னேன். அரசு ஆஸ்பத்திரி அட்டை ஒன்று, என் கடை அட்டை ஒன்று. இரண்டும் அம்லோடிபின்தான். ஒன்று 'ஆஸ்பத்திரி மாத்தர', மற்றது 'பிரஷர் மாத்தர' என்று பெயர் வைத்துக் காலை ஒன்று, இரவு ஒன்று போட்டுக்கொண்டிருந்தாள். எங்களிடம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்ட ஆள் என்று அவளைத்தான் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரி மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியதிலிருந்து, வீட்டுக்கே பெண்கள் வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். என் வியாபாரத்துக்கு இது நட்டம்தான். ஆனாலும் நல்ல காரியம், ஐந்து மாத்திரைக்குக் கூடக் காசு எண்ணியவர்கள் வீட்டில் இப்போது அட்டை இருக்கிறது. அட்டை இருப்பதும் அது வயிற்றுக்குள் போவதும் வேறு வேறு என்பதையும் அந்தப் பெண்களே என்னிடம் சொல்கிறார்கள். போன தடவை கொடுத்தது அப்படியே இருப்பதைப் பார்க்கும்போது, "சும்மா குடுக்கது என்ன கேக்கும்?" என்று பதில் வருமாம். காசு கொடுக்காத பொருளுக்கு மதிப்பில்லை. இந்த வாக்கியத்தை நான் வேறொரு இடத்தில் வேறு மாதிரிக் கேட்கப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

எங்கள் ஊர் அப்பள ஊர். தரையில் சம்மணம் போட்டு, பலகையில் குனிந்து, நாள் முழுக்க அப்பளம் இட்ட பெண்களுக்கு ஐம்பது வயதில் முட்டி போய்விடும். பிரஷர் மாத்திரைக்கு இல்லாத அவசரம் முட்டி வலி மாத்திரைக்கு உண்டு, ஏனென்றால் அது போட்டதும் கேட்கிறது. டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும். தண்ணி மாத்திரையும் டெல்மிசார்டானும் சாப்பிடுகிறவர் அதையும் சேர்த்தால் கிட்னிக்கு முப்பக்கமும் இடி. அப்பளத்திலும் உப்பு மட்டும் இல்லை, அப்பளக்காரமும் சோடியம்தான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஒரு டீஸ்பூன்கூட வராது. கல்லிடைக்குறிச்சியில் நின்றுகொண்டு அப்பளம் சாப்பிடாதே என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் ஒரே இலையில் வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

இங்கிலீஷ் மருந்தே ஆகாது என்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. சர்ப்பகந்தி வேரைப் பற்றிச் சொல்வேன். அதைக் கொடுத்துப் பிரஷர் இறங்குவதை பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் இங்கிலாந்தின் இருதய மருத்துவ இதழில் எழுதினார். அதன் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் ஸ்விட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். பிரஷருக்கு ஆரம்ப காலத்தில் வந்த மாத்திரைகளில் ஒன்று நம் காட்டு வேர்தான். மனச்சோர்வு மாதிரித் தொந்தரவுகள் இருந்ததால் அது பின்னால் போய், இப்போதுள்ளவை முன்னுக்கு வந்தன. இதைக் கேட்டதும் முகத்தில் ஒரு பெருமை வரும். அந்தப் பெருமை இறங்குவதற்குள் மாத்திரையைக் கையில் கொடுத்துவிடுவேன்.

"எண்பது வயசாச்சு, இனி என்னத்துக்கு?" என்பதற்கு நெடுநாள் என்னிடம் பதில் இல்லை. டாக்டர்களிடமே இல்லை, முதியவர்களுக்கு அழுத்தத்தை இறக்கலாமா என்ற சந்தேகம் அவர்களுக்கும் இருந்தது. 2008-இல் அது பெருமளவு தீர்ந்தது. ஐரோப்பா, சீனா உள்ளிட்ட இடங்களில் 80 வயது தாண்டிய 3,845 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மாத்திரை, மறு பாதிக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். சுமார் இரண்டே வருஷத்தில், மருந்து எடுத்தவர்களிடம் மரணம் 21 சதவீதம் குறைவு, இருதயம் தளர்ந்து போவது 64 சதவீதம் குறைவு. ஆச்சிமாரிடம் நான் சதவீதம் பேசுவதில்லை. சாவைப் பற்றிப் பேசினால் "வந்தா வரட்டும்" என்பார்கள். படுக்கையில் கிடந்து பிறத்தியார் கையால் கழுவிவிடும் நிலை வேண்டாமே என்றால் மட்டும் பதில் வராது. அன்றைக்கு முழு அட்டை வாங்குவார்கள்.

ஒழுங்காகப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் ஒன்றும் மகா புத்திசாலிகள் இல்லை. மாத்திரையை வேறொன்றோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள், அதுதான் விஷயம். ஒருத்தர் திருநீற்று மரவைக்குப் பக்கத்தில் அட்டையை வைத்திருக்கிறார், நெற்றிக்கு முடிந்ததும் வாய்க்கு. ஒரு ஆச்சி காபி டபராவுக்குள் போட்டு வைப்பாள், மாத்திரையை எடுக்காமல் காபி ஊற்ற முடியாது. தினசரி காலண்டர் தாளில் மாத்திரையை செலோ டேப்பால் ஒட்டி வைத்து, தேதியைக் கிழிக்கும்போது தின்கிறவர் ஒருவர். காலையா இரவா என்று கேட்பார்கள். பிரிட்டனில் 21,104 பேரை வைத்துப் பார்த்த சோதனை 2022-இல் வெளிவந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் வருவதில் இரண்டு வேளைக்கும் வித்தியாசம் இல்லை. உங்களுக்கு எந்த நேரம் தவறாதோ அந்த நேரம். ஒருவேளை விட்டுப்போனால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட வேண்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. அடினோலால் மாதிரி மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது வேறு ஆபத்து, நெஞ்சு படபடத்து அழுத்தம் எகிறும்.

இவ்வளவும் தெரிந்தவன் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

அம்மாவுக்கு 76 வயது. டெல்மிசார்டான் 40, தினம் ஒன்று. கடையிலிருந்து நானே கொண்டுபோய்க் கொடுப்பேன், எனவே கடன் நோட்டில் அவள் பெயர் கிடையாது. அளக்கும்போதெல்லாம் 165, 170. டாக்டர் இன்னொரு மாத்திரை சேர்க்கலாம் என்று எழுதியும் கொடுத்துவிட்டார். அந்த வாரம் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டை ஒதுக்கினோம். அடுக்களை மேல்தட்டில் எவர்சில்வர் சம்புடம் ஒன்று இருந்தது. திறந்தேன். பாதிப் பாதியாக உடைத்த மாத்திரைகள், எண்ணவில்லை, கை நிறைய இருந்தன. டெல்மிசார்டான் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிற மருந்து, போடும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து பிதுக்க வேண்டும். சம்புடத்தில் இருந்தவை ஓரமெல்லாம் பொருபொருத்து, விரலில் மாவாக ஒட்டின.

"என்னம்மா இது?"

"பாதி போட்டாப் போதும்னு வச்சிருக்கேன்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? எய்யா, அது கடச் சரக்குல்லா. நாலு பேருக்கு விக்கதுக்கு நீ காசு போட்டு வாங்கி வச்சிருக்க. நான் தின்னு தீத்தா ஒனக்கு நட்டம்தானே?"

ஊரெல்லாம் "எத்தனை நாள் விட்டுப்போச்சு ஆச்சி?" என்று பக்குவமாகக் கேட்கிறேன். "தெனமும் போடுதியளா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள் என்று கடைப் பையன்களுக்குப் பாடம் வேறு எடுக்கிறேன். வீட்டில் அம்மாவிடம் மட்டும் பத்து வருஷமாக "மாத்தர போட்டாச்சா?" என்று வாசல்படி இறங்கிக்கொண்டே கேட்டிருக்கிறேன். அவளும் "ஆச்சுய்யா" என்றிருக்கிறாள்.

விளக்கிப் பார்த்தேன், கோபப்பட்டேன், என் மனைவி சொல்லிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள், ஆனால் அந்தக் கணக்கிலிருந்து இறங்கவில்லை. கடைசியில் அவள் கணக்குக்குள்ளேயே நான் போனேன். அப்பாவின் குடும்ப பென்ஷன் அவள் பெயருக்கு வருகிறது. "சரி, நட்டம் வேண்டாம். கடைக்கு வந்து காசு குடுத்து வாங்கு" என்றேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். முகம் மலர்ந்துவிட்டது.

இப்போது மாதம் பிறந்து 3-ஆம் தேதி, பத்தரை மணிக்கு வந்து மற்றவர்களோடு வரிசையில் நிற்கிறாள். டாக்டர் எழுதிய இரண்டாவது மாத்திரையை வாங்க வேண்டியே வரவில்லை. ஒழுங்காக முழுதாகப் போட்ட ஆறு வாரத்தில் 138-க்கு வந்து, அதை ஒட்டியே நிற்கிறது. காசு கொடுத்து வாங்கியதை உடைத்துச் சம்புடத்தில் போட அவளுக்கு மனசு வராது.

போன மாதம் மூன்று அட்டையையும் எண்ணி வாங்கி, முந்தானை முடிச்சை அவிழ்த்தவள் பில்லைப் பார்த்தாள்.

"ஏல, இவாளுக்கெல்லாம் பத்து பெர்சென்ட் கழிச்சுல்லா குடுத்த? பெத்தவகிட்ட முழு வெலையா?"

வரிசையே சிரித்தது. பில்லைக் கிழித்துவிட்டு, கழித்துப் புதிதாகப் போட்டேன். மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினாள்.